பேஸ்பால் பார்க்கப் போய்க் கரப்பந்துக்கு விசில் ஊதிய கதை

மகளைப் பார்க்க லண்டன் போகிறேன் என்று திருச்சியில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்த்தாக வேண்டும்.

எங்கள் தொழிற்சங்க மாத இதழில் அந்தக் காலத்து அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். ஆட்டக்காரர்களுக்கென்று சங்கம் கட்டியதில் முன்னால் நின்றவர். அவர் பெயரை நானே இதழில் மூன்று விதமாக எழுதி வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதால், இங்கே பந்துக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். சங்கத்தைப் பற்றி எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆட்டத்தைப் பற்றி எழுதும்போதுதான் பேனா நகராது. நான் கைப்பந்து ஆடி, அந்தத் தகுதியில் தொழிற்சாலையில் வேலை வாங்கி, முட்டி தேய்ந்தபின் லேத் மிஷினில் நின்று ஓய்வுபெற்றவன். பேஸ்பாலைக் கண்ணால் கண்டதில்லை. "தோழர், ஒரு தடவையாவது அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டு எழுதிவிட்டார். மனிதர் நன்றாக இருக்கட்டும், என் தூக்கம் போனது.

விமான நிலையத்திலேயே மகள் நித்யாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா, பேஸ்பால் அமெரிக்காவுல. நீ இறங்கியிருக்கிறது லண்டன்."

"அமெரிக்காவுல உனக்கு வீடு இல்லையேம்மா" என்றேன்.

நித்யா இங்கே கண் டாக்டர். மருமகன் பிரணவன் கணினி வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றாலும் பிறந்து வளர்ந்தது லண்டனில். செவன் கிங்ஸில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையில் ஒரு வீட்டில், பிரணவனின் அப்பா அம்மாவோடு சேர்ந்து இருக்கிறார்கள். நான் போய் இறங்கியபோது வீட்டுக்குப் பின்னால் இருந்த கையகலத் தோட்டத்தில் ஒரே மாதிரி ஊதா நிறப் பனியன்கள் கொடி நிறையக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் தமிழில் ஓர் ஊரின் பெயர். வீட்டில் யாரோ பனியன் வியாபாரம் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சம்பந்தி தவராசா சிரித்தார். பலசரக்குக் கடை வைத்திருந்து, விற்றுவிட்டு, இப்போது தங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக இருக்கிறார். பனியன்களைத் துவைத்துக் காயப்போடுவதும் செயலாளர் வேலைதானாம். எங்கள் சங்கத்தில் செயலாளர் துண்டைக்கூடத் தானே துவைத்ததாக நினைவில்லை.

"வாங்கோ சம்பந்தி, முதல் சாப்பிடுங்கோ. கதை பிறகு" என்றார்.

புட்டு, நண்டுக் கறி, தேங்காய்ப் பாலில் மஞ்சளாக ஒரு சொதி. நண்டுக் காலை உடைக்கத் தெரியாமல் நான் விழித்ததைப் பார்த்து சம்பந்தி அம்மா குறடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். லேத் மிஷின்காரன் கையில் குறடு வந்தபின் நண்டு என்ன செய்யும்? எங்கள் வீட்டுச் சாம்பாரை நினைத்துக்கொண்டேன். பாவம், அதற்கு இந்த ஊரில் வேலையே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி காரியத்துக்கு வந்தார். அடுத்த வாரக் கடைசியில் ஊர்க் கழகங்களுக்கிடையே கரப்பந்துப் போட்டி. நாம் கைப்பந்து என்பதை அவர்கள் கரப்பந்து என்கிறார்கள். அதற்கு நான் நடுவராக இருக்க வேண்டுமாம்.

"எங்கட ஆக்கள் எல்லாருக்கும் ஒரு ஊர் இருக்கு. எந்த ஊரான் விசில் ஊதினாலும் மற்ற ஊரான் விடமாட்டான். நீங்கள் இந்தியா. உங்களுக்கு ஒரு பக்கமும் இல்லை."

வெளியூர்க்காரன் என்பதே ஒரு தகுதியாக எனக்கு வாய்த்தது அன்றுதான். சரி என்றேன்.

மறுநாள் மாலை பக்கத்துப் பூங்காவில் பயிற்சி பார்க்கப் போனோம். பன்னிரண்டு பேர் வலையின் இருபுறமும் நின்று ஆடினார்கள். ஆட்டம் சூடாக இருந்தது. ஒரு பக்கம் சர்வீஸை வென்றது. யாரும் இடம் மாறவில்லை. எனக்குப் பழக்கதோஷம், இருந்த இடத்திலிருந்தே கத்திவிட்டேன்.

"சுத்துங்கப்பா! சுத்தி நில்லுங்க!"

ஆட்டம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட, மைதானமே சிரித்தது. பிரணவன் ஓடிவந்து, "மாமா, நாங்கள் விளையாடுறது ஓவர் கேம். இதில சுத்துறதில்லை. நிண்ட இடம் நிண்ட இடம்தான்" என்றார்.

முன்னால் நிற்பவன் முன்னாலேயே நிற்பான், பின்னால் நிற்பவன் பின்னாலேயே. ஆட்டம் முடியும்வரை அப்படித்தான். விதியை நான் இனிப் புதிதாகக் கற்க வேண்டும் என்று புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. ஓர் இடத்துக்கு ஒருவன் வந்துவிட்டால், அதே இடத்துக்காகக் காத்திருக்கும் இன்னொருவனுக்கு வழியே கிடையாது.

அந்த இன்னொருவன் எல்லைக் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். முப்பதைத் தாண்டியவன், ஒல்லி, வலது முட்டியில் பட்டி. வெளியே வந்த பந்தை விரல் நுனியில் வாங்கி உள்ளே தூக்கிக் கொடுத்தான். சத்தமே வரவில்லை. நான் ஆடிய காலத்தில் அப்படித் தூக்கிக் கொடுக்க ஒருவன் கிடைத்திருந்தால் என் முட்டி இன்னும் கொஞ்ச நாள் உழைத்திருக்கும்.

"அது யாருங்க சம்பந்தி?"

"துசி. எங்கட ஊர்ப் பெடியன்தான். நல்ல பெடியன்" என்று சொல்லிவிட்டு சம்பந்தி வலையை இழுத்துக் கட்டப் போய்விட்டார். துசி நிற்க வேண்டிய இடத்தில் உள்ளே நின்று ஆடிக்கொண்டிருந்தது என் மருமகன். மருமகன் நல்ல பிள்ளை, நல்ல கணவன். ஆட்டத்தைப் பற்றி மட்டும் நான் அதற்குமேல் சொல்லப்போவதில்லை.

பேஸ்பால் பார்க்க என்னை அழைத்துப் போனதும் துசிதான். வடக்கே ஒரு பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறார்கள் என்று பிரணவன் கண்டுபிடித்திருந்தார். அன்று அவருக்கு வேலை வந்துவிட்டது. துசி லண்டனில் பஸ் ஓட்டுபவன். பஸ் ஓட்டுபவனே கூட வரும்போது வழி பற்றி என்ன கவலை என்று நிம்மதியாகக் கிளம்பினேன்.

ரயில் நிலையம் போனால் ரயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலையாம். ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டிருந்தார்கள். அந்த பஸ்ஸில் துசிக்குத் தெரிந்த ஓட்டுநர். இருவரும் ஷிப்ட் பற்றியும் மேலாளர் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் தொழிலாளி மேலாளரைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒரே களை. நானும் புரிந்த மாதிரித் தலையாட்டினேன். பேச்சு சுவாரசியத்தில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

"அங்கிள், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பஸ் டிரைவர் ஸ்டாப்பை விட்டது எண்டு தெரிஞ்சா டிப்போவில இருக்க ஏலாது" என்றான் துசி.

திரும்பி நடந்தோம். தூறல் வேறு. வழியில் ஒரு கடையில் உருளைக்கிழங்கு வறுவலில் வினிகரை ஊற்றிக் கொடுத்தார்கள். ஊறுகாய்க்கு ஊற்றுவதைப் பலகாரத்துக்கு ஊற்றுகிறார்களே என்று முகம் சுளித்தேன். பொட்டலம் காலியானபோது இன்னொன்று வாங்கலாமா என்று நான்தான் கேட்டேன்.

பேஸ்பாலை ஒருவழியாகக் கண்ணால் பார்த்தேன். அழுக்குப் பிடித்த கால்சட்டையோடு வெள்ளைக்காரர்களும், ஜப்பான்காரர்கள் சிலரும், தென் அமெரிக்கா பக்கத்து ஆட்கள் சிலரும் ஆடினார்கள். பந்து வீசுகிறவர் காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி, எறிந்தார். அடிக்கிறவர் அடிக்கவில்லை. மறுபடி எறிந்தார். மறுபடி அடிக்கவில்லை. நெடுநேரம் இப்படியே போனது. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் விதியைக் கேட்டேன்.

"என் கணவர்தான் அங்கே நிற்கிறார். எனக்கும் ஒன்றும் புரியாது. மத்தியானத்தில் அவரை வீட்டிலிருந்து வெளியே அனுப்ப இது நல்ல ஏற்பாடு" என்றார் அவர்.

அவர் காட்டிய கணவர், பந்து வீசுகிறவருக்குப் பின்னால் இரண்டு மூலைகளுக்கு நடுவே நின்றார். திடீரென ஒரு பந்து தரையோடு சீறி வந்தது. மனிதர் விழுந்து பிடித்து, எழும்போதே எறிந்து, ஓடிவந்தவரை வெளியேற்றினார். நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். என் பந்துக்காரர் நின்ற இடம் அதுதான். வீசி வீசித் தோள் போனபின், ஆட்டத்தை விடாமல் அவர் போய் நின்ற இடம். காகிதத்தில் அதுவரை எனக்கு வெறும் பெயராக இருந்தது. இப்போது அந்த இடத்துக்குப் புழுதியும் மூச்சும் வந்துவிட்டன. அந்தச் சந்தோஷத்தில் துசிக்கு முழுக் கதையையும் சொன்னேன்.

பந்துக்காரர் சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். கைதான் சொத்து. அந்தக் கையை வைத்துப் பெரிய ஆட்டக்காரர் ஆனார். ஆனால் முதலாளிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு குழுவில் சேர்ந்த ஆட்டக்காரன் அந்தக் குழுவுக்கே சொந்தம். ஒப்பந்தம் முடிந்தாலும் வேறு குழுவுக்குப் போக முடியாது. முதலாளி வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், உட்கார வைக்கலாம். ஆட்டக்காரனுக்குப் போக மட்டும் வழியில்லை. பந்துக்காரர் ஆடிக்கொண்டே சட்டம் படித்தார். மற்ற ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார். அதிகம் சம்பாதிக்கும் பெரிய ஆட்டக்காரர்களையும் விடவில்லை. சங்கம் உருவானது. கடைசியில் ஆட்டக்காரர்களே சேர்ந்து தனியாக ஒரு போட்டித் தொடரே நடத்தினார்கள். ஒரே வருடம்தான். பணம் போட்டவர்கள் கழன்றுகொள்ள, அது கவிழ்ந்தது. பந்துக்காரர் மறுபடி அதே முதலாளிகளிடம் ஆடப் போனார்.

துசி முட்டிப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அங்கிள், என்ர கதையும் இதுதான்" என்றான்.

இந்த ஊர்க் கழகங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டாம். அப்பாவின் ஊர் எதுவோ அந்த ஊர்க் கழகத்துக்குத்தான் ஒருவன் ஆடலாம். வேறு கழகத்துக்கு ஆட வேண்டுமென்றால் சொந்தக் கழகத்தின் செயலாளர் விட வேண்டும். துசியின் மனைவி ஊர்க் கழகத்தில் தூக்கிக் கொடுக்க ஆளில்லை, துசியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தவராசா உள்ளே இறக்கவும் இல்லை, வெளியே விடவும் இல்லை.

"குளிர் தொடங்கினதும் முட்டியில ஒப்பரேஷன். அதுக்குப் பிறகு விளையாட ஏலாது எண்டு சொல்லிப்போட்டாங்கள். ஒரு மெட்ச், அங்கிள். முழுசா ஒரு மெட்ச் உள்ளுக்க நிண்டு விளையாட வேணும். அவ்வளவுதான்." கூடவே, "நீங்கள் தவராசா சித்தப்பாவிட்ட ஒண்டும் கதைக்க வேண்டாம். உங்கட மகள் இருக்கிற வீடு" என்றான். சித்தப்பா என்பது ஊர் முறை, ரத்த உறவு இல்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தொழிற்சாலை வாசலில் நின்று எத்தனையோ முதலாளிகளைத் திட்டிய வாய் இது. திரும்பும் வழியெல்லாம் சம்பந்தியிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயார் செய்தேன். வீட்டு வாசலில் அவர் குழல் புட்டுக்கு மாவு வாங்கிக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார். "நனைஞ்சுபோனியள், பிளேன் டீ ஊத்தட்டோ?" என்றார். கேள்விகளை அன்றைக்கு விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். வெளியே இரட்டை மாடி பஸ், வரிசை வீடுகள், கோடையிலும் விடாத பிரித்தானியக் குளிர். உள்ளே நுழைந்தால் விபூதி வாசனையும் நாதஸ்வரமும். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் ஆங்கிலத்தில் கைபேசியில் பேசிக்கொண்டே, "அம்மம்மா, வெயிட்" என்று தமிழில் பாதி கெஞ்சிக்கொண்டிருந்தாள். பஞ்சாமிர்தம் பழநியை விடச் சற்றுத் தண்ணியாக இருந்தது. முருகனுக்கு இந்தக் குளிரில் அதுவே பெரிது என்று இரண்டு தரம் கேட்டு வாங்கினேன்.

கோயில் படியில் செருப்பு மாட்டும்போது மனம் கேட்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"சம்பந்தி, அந்தத் தம்பி துசியை ஏன் விட மாட்டேங்கிறீங்க? இறக்கவும் மாட்டேங்கிறீங்க."

அவர் முகம் மாறியது. செருப்பை மாட்டாமல் நின்றார்.

"உங்களுக்கு ஆர் சொன்னது? அவனோ?"

"யார் சொன்னா என்னங்க? ஒருத்தனைக் கட்டிப் போட்டு வேடிக்கை பாக்கிறது நியாயமா?"

"நியாயம்" என்றார் மெல்ல. "எங்கட ஊர் இப்ப அங்க இல்லை, சம்பந்தி. ஆமி காணியை எடுத்து, வீடெல்லாம் இடிச்சு, வேலி போட்டுட்டான். கொஞ்சம் விட்டவங்கள், போய்ப் பாத்தன். எங்கட வீடு எது எண்டு எனக்கே தெரியேல்லை. மிச்சம் இருக்கிறது உந்தப் பனியன்தான். வருசத்தில ஒருநாள் மைக்கில எங்கட ஊற்ர பேரைச் சொல்லுவாங்கள். அதுக்கு டீம் வேணும். துசியை விட்டா மற்றவன் கேப்பான். பிறகு எல்லாப் பெடியளும் மனிசிமாற்ர ஊருக்குப் போயிடுவாங்கள். அப்ப ஆர் இருக்கிறது?"

முதலாளி என்றால் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். லாபம், பேராசை, சுரண்டல் எல்லாம் வாயில் வரிசையாக நிற்கும். இவரிடம் அதில் ஒன்றும் பொருந்தவில்லை. கொடியில் பனியன் காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தக் கைகளை நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் துசியின் முட்டி எனக்குள் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப அவனை உள்ளயாவது இறக்கலாமே?"

"பிரணவனைப் பிடிச்சு இழுத்து வைக்கத்தான் அவனுக்கு அந்த இடம் குடுத்தனான். இல்லாட்டி அவன் இந்தப் பக்கமே வரமாட்டான். இங்க பிறந்த பெடியன். ஊரைப் பாத்ததே இல்லை" என்றார். பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார், நான் பின் சீட்டில். வீட்டில் சம்பந்தி அம்மா இடியப்பம் வைத்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நித்யா என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், "அப்பா, இங்கயும் சங்கம் ஆரம்பிச்சுட்டியா?" என்று பல்லைக் கடித்தாள்.

போட்டி நாள் சனிக்கிழமை. நல்ல வெயில். லண்டன்காரர்கள் வெயிலைக் கண்டால் சட்டையைக் கழற்றுகிறார்கள், நம் ஆட்கள் குடையை விரிக்கிறார்கள். மைதானத்தைச் சுற்றிக் கூடாரங்கள். ஒரு பக்கம் பெரிய அண்டாவில் மீனும் நண்டும் போட்ட ஒடியல் கூழ், பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. இன்னொரு பக்கம் கொத்து ரொட்டிக்காரர் இரும்புத் தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் தட்டை நீட்டி, "மிதிவெடி எடுங்கோ" என்றார். நான் இரண்டடி பின்வாங்கினேன். முட்டை வைத்துப் பொரித்த ரோல் அது. ஒரு போரைத் தாண்டி வந்தவர்கள் அதன் கண்ணிவெடியின் பெயரைப் பலகாரத்துக்கு வைத்துக் கடித்துச் சாப்பிடுகிறார்கள். எனக்கு இந்த மக்களை மிகவும் பிடித்துப்போனது.

நடுவர் நிற்க பெயிண்டடிக்கும் ஏணி ஒன்றைக் கொண்டுவந்து வலையோரம் நிறுத்தினார்கள். ஏறி நின்றால் எல்லாம் தெரிந்தது. காலை ஆட்டங்கள் பிசகில்லாமல் முடிந்தன. இரண்டு அரையிறுதிகள். முதலாவது எங்கள் ஊதாப் பனியன்காரர்களுடையது. அடுத்தது துசியின் மனைவி ஊருடையது. துசி அந்த ஊர்க் கூடாரத்தருகே சாதாரணச் சட்டையில், கையில் குழந்தையுடன் நின்றான்.

மைக்கில் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். தவராசா நிமிர்ந்து நின்றார். நான் விசில் ஊதினேன்.

எதிரணி இறங்கியது. ஊதா அணியில் ஐந்து பேர் கோட்டுக்குள் வந்தார்கள். பிரணவன் வரவில்லை. கோட்டுக்கு வெளியே புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னடா, காலில நோவோ?" என்று ஓடினார் தவராசா.

"இல்லை அப்பா. துசியண்ணையை விடுங்கோ. அவர் அங்க விளையாடட்டும்" என்றார் பிரணவன். அதற்குமேல் தமிழ் தடுமாறியது. மீதியை ஆங்கிலத்தில் சொன்னார். துசியின் இடத்தில் தான் நின்றுகொண்டு, துசி பந்து பொறுக்குவதை இனிமேல் பார்க்க முடியாது என்றார்.

ஐந்து பேரில் ஒருவன் மெல்ல வெளியே வந்து பிரணவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு இன்னொருவன். கடைசியில் ஐந்து பேரும் வெளியே வந்துவிட, கோட்டுக்குள் யாருமில்லை.

ஏணி மேல் நின்ற என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க வேலைநிறுத்தம் செய்தவனின் வாயில் விசில். இரண்டாவது விசிலுக்கும் இறங்காவிட்டால் அந்த அணி தோற்றதாக அறிவிக்க வேண்டும். எதிரணிக்காரர்கள் ஏணியைச் சூழ்ந்தார்கள். "றெஃபறி, விதிப்படி குடுங்கோ!" தவராசா அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, நீங்கள் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"இல்ல சம்பந்தி. நான் சொல்லிக் குடுத்திருந்தா இன்னும் ஒழுங்கா வரிசையா உக்காந்திருப்பாங்க."

துசி பந்துக்காரரின் கதையை பிரணவனிடம் ஒரு மாலை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது துசியே திகைத்துப்போய்க் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு நின்றான்.

"ஊதட்டுமா?" என்று தவராசாவைக் கேட்டேன். "ஊதினா உங்க ஊர் தோத்துரும். ஊதாம இருக்க எனக்கு உரிமை இல்ல. நடுவரா ஒத்துக்கிட்டவன் நான்."

தவராசா, உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் பார்த்தார். ஆறு முதுகிலும் ஊரின் பெயர். போவதற்கு யாரும் எழவில்லை, பனியனைக் கழற்றவும் இல்லை. அதை அவர் கவனித்தார் என்றே நினைக்கிறேன். மைதானத்தைக் குறுக்கே நடந்து துசியிடம் போனார். கொத்து ரொட்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"போடா. போய் விளையாடு" என்றார். "ஆனா ஊர்க் கூட்டத்துக்கு வராமல் விட்டியெண்டா வீட்டுக்கு வந்து இழுத்துக்கொண்டு போவன்."

"வருவன் சித்தப்பா" என்றான் துசி. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைக்க ஏணி மேல் இடமில்லை.

"போய் உவனை எழும்பச் சொல்லு. நான் சொன்னாக் கேக்கமாட்டான்."

துசி ஓடிப்போய் பிரணவனின் கையைப் பிடித்துத் தூக்கினான். நான் விசிலை ஊதினேன். அந்த விசில் தேவைக்குமேல் நீளமாகப் போய்விட்டது.

மாலை இறுதி ஆட்டத்தில் ஊதாவும் துசியின் மனைவி ஊரும் மோதின. துசி பச்சைப் பனியனில் முழுக்க முழுக்க உள்ளே நின்றான். அவன் தூக்கிக் கொடுத்த பந்துகளை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் நான் நடுவர். கடைசிப் புள்ளியில் பந்தைத் தொட எம்பும்போது அவன் சுண்டுவிரல் வலையில் பட்டது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஊதினேன். துசி உடனே கையைத் தூக்கி ஒத்துக்கொண்டான். ஊதா வென்றது. தவராசா துள்ளிய துள்ளலைப் பார்த்து சம்பந்தி அம்மா, "உந்த வயசில காலை முறிச்சுப்போடாதேங்கோ" என்று கத்தினார். துசி தோற்றவன் மாதிரியே இல்லை. வியர்வையில் குளித்து, நொண்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்தான்.

கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது பச்சை அணியின் செயலாளர் வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். துசியின் தோளில் கையைப் போட்டார்.

"துசி இனி எங்கட ஆள். இனி ஒருத்தருக்கும் விடமாட்டம்."

தவராசா கூழ்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

"அதெப்பிடி? பெடியன் விரும்பினா வருவான், விரும்பினாப் போவான். ஆளைப் பிடிச்சு வச்சிருக்க இதென்ன மறியலே, சிறையே? இது அநியாயம்!"

எனக்குப் புரையேறிவிட்டது. கூழ் மூக்கு வழியாக வந்தது. நித்யா முதுகில் தட்டினாள். இரண்டு செயலாளர்களும் எழுந்து நின்று, துசி யாருக்குச் சொந்தம் என்று கையை நீட்டி நீட்டி வாதாடத் தொடங்கினார்கள். சுற்றிக் கூட்டம் கூடியது. நடுவர் தீர்ப்பு வேண்டும் என்று என்னை இழுத்தார்கள். தீர்ப்புச் சொல்ல நான் துசியைத் தேடினேன். அவன் அங்கே இல்லை.

மைதானத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி ஊதா, பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று எல்லா ஊர்ப் பனியன்களும் கலந்து வட்டமாக உட்கார்ந்திருந்தன. பிரணவன் கொத்து ரொட்டித் தட்டை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். துசி முட்டியைத் தடவிக்கொண்டே பேசினான். நான் இருந்த இடத்துக்கு, அவன் குரலை உயர்த்திக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"வேற ஊருக்கு விளையாட ஆசைப்பட்டு, கேக்கப் பயந்து நிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு ஒரு மஞ்சள் கை. அப்புறம் எண்ண முடியவில்லை.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. இந்தப் பக்கம் தவராசா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்க என்ன சம்பந்தி கதைக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன். "அதெல்லாம் செயலாளர்கிட்ட சொல்ல மாட்டாங்க."